நூறு நாள் வேலையின் பணம்: யார் தருகிறார்கள், யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊராட்சியில் நடந்த சமூகத் தணிக்கை கிராம சபையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தணிக்கைக்காக வேறு ஊராட்சியிலிருந்து வந்திருந்த இளம்பெண் ஒருவர், நூறு நாள் வேலையின் வருகைப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்துக்கொண்டு வந்தார். ஒரு பெயரைச் சொல்லி, "வரத்துக் கால்வாய் தூர் வாருறது, பன்னிரண்டு நாள்" என்றார். அந்தப் பெயருக்குரிய அம்மா எழுந்து நின்று, "அந்த மாசம் நான் ஊர்லயே இல்லீங்க, மக பிரசவத்துக்குப் போயிருந்தேன்" என்றார். பந்தல் அமைதியானது. அவர் கையிலிருந்த வேலை அட்டையில் அந்தப் பன்னிரண்டு நாள் இல்லை. வங்கிப் புத்தகத்தில் அந்தத் தொகையும் இல்லை. ஆனால் அரசுக் கணக்கில் வேலையும் நடந்திருந்தது, கூலியும் போயிருந்தது.

அந்தப் பன்னிரண்டு நாள் கூலி டெல்லியில் நிதிநிலை அறிக்கையில் ஓர் எண்ணாகத் தொடங்கி, அமைச்சகம், மாநிலம், மாவட்டம், ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி என்று பல மேசைகளில் பதிவாகி, எல்லா மேசையிலும் சரியென்று கையெழுத்தாகி வந்த பணம். அது தவறான பதிவு என்பதை அந்தச் சங்கிலி முழுவதிலும் உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. ஏழ்மையையும் சமூகப் பின்னடைவையும் போக்க அரசு எப்படிப் பணம் ஒதுக்குகிறது, அந்தப் பணத்தை எப்படிக் கண்காணிக்கிறது என்பதைப் புதிதாக அறிய விரும்புவோருக்கு, நூறு நாள் வேலைத் திட்டத்தை விட நல்ல பாடம் கிடையாது என்று நான் நினைப்பதற்கு அந்தக் காட்சியே காரணம். 2006 முதல் நடந்த அந்தத் திட்டத்திற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அந்த மாற்றமும் பாடத்தின் ஒரு பகுதியே என்பதால் அதைப் பின்னர் பார்ப்போம்.

முதலில், எதைப் போக்கப் பணம் தரப்படுகிறது என்பதில் தெளிவு வேண்டும். கையில் காசு இல்லாததை மட்டும் வறுமை என்று கொண்டால், காசு இருந்தும் பள்ளி எட்டாத பிள்ளையும், குடிநீருக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்கும் வீடும் கணக்கில் வரமாட்டா. அதனால்தான் இப்போது பல வகை இல்லாமைகளைச் சேர்த்து அளக்கும் முறை வழக்கில் இருக்கிறது. இந்தியாவில் ஒன்றிய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிடும் பல்பரிமாண வறுமைக் குறியீடு உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்ற மூன்று பிரிவுகளில் 12 அளவீடுகளைப் பார்க்கிறது. ஊட்டச்சத்து, பிள்ளை இறப்பு, தாய்மைக்காலப் பராமரிப்பு, பள்ளியில் படித்த ஆண்டுகள், சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, வங்கிக் கணக்கு முதலியவை அவற்றில் அடங்கும். மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் இல்லாமை இருந்தால் அந்தக் குடும்பத்தினர் வறியவர்களாக எண்ணப்படுவர். தேசிய குடும்பநல ஆய்வின் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, இந்தியா முழுவதற்கும் வறியவர்களின் விகிதம் 2015-16இல் 24.85 விழுக்காடாகவும் 2019-21இல் 14.96 விழுக்காடாகவும் இருந்தது. தமிழ்நாட்டில் அது 4.76இலிருந்து 2.20 ஆகக் குறைந்தது.

இந்த எண்கள் பயனுள்ளவை, ஆனால் இவை மாநிலத்தையும் மாவட்டத்தையும் காட்டுபவை. தெருவைக் காட்டுபவை அல்ல. ஒரே ஊரில் ஊர்த்தெருவில் மேல்நிலைத் தொட்டி இருந்து, காலனிக்குக் குழாய் போகாமல் இருப்பதை மாவட்ட சராசரி சொல்லாது. 2011க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெடுங்காலம் தள்ளிப்போனதால், எத்தனை பேருக்கு ரேஷன் என்பது போன்ற அடிப்படைக் கேள்விகளுக்கே பழைய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு விடை சொல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது. அளவு பிழைத்தால் அதன்மேல் எழும் ஒதுக்கீடும் பிழைக்கும்.

இனி, பணம் எங்கிருந்து வருகிறது? மக்கள் கட்டும் வரியிலிருந்தும் அரசு வாங்கும் கடனிலிருந்தும் வருகிறது என்பது எல்லோரும் அறிந்ததே. அறியவேண்டியது, அது எந்தெந்த வாய்க்கால் வழியாகக் கீழே இறங்குகிறது என்பதுதான். முதல் வாய்க்கால் நிதிக்குழு. அரசமைப்புச் சட்டத்தின் 280ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைக்கப்படும் இந்தக் குழு, ஒன்றிய அரசு திரட்டும் வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு என்று பரிந்துரைக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு மாநிலங்களின் பங்கை 41 விழுக்காடாக வைத்தது. அதைப் பிரிக்கும் சூத்திரத்தில் மிகப் பெரிய எடை, 45 விழுக்காடு, வருமான இடைவெளிக்குத் தரப்பட்டது. அதாவது, தலைக்கு வருமானம் குறைந்த மாநிலத்துக்குக் கூடுதல் பங்கு. பீகாரும் உத்தரப்பிரதேசமும் அதிகம் பெறுவதும், தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு மட்டுமே கிடைத்ததும் பெருமளவு இதனால்தான். இதில் தமிழ்நாட்டுக்கு நியாயமான மனக்குறைகள் உண்டு. ஆனாலும் ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகத் தருவது என்ற கொள்கை, இல்லாமையைப் போக்கும் நிதிமுறையின் அடித்தளம் என்பதை மறுக்க முடியாது. இந்தப் பணத்துக்கு நிபந்தனை கிடையாது. மாநிலம் தன் விருப்பப்படி செலவிடலாம்.

இரண்டாவது வாய்க்கால் நிபந்தனையோடு வருவது. ஒன்றிய அரசு திட்டத்தை வகுத்து, செலவில் தன் பங்கைத் தந்து, மீதியை மாநிலம் போடவேண்டும் என்று சொல்லும் திட்டங்கள் இவை. பெரும்பாலானவற்றில் ஒன்றியத்துக்கு 60, மாநிலத்துக்கு 40 என்ற விகிதம்; வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் 90க்கு 10. நிபந்தனை என்பது கணக்குக் காட்டுவதோடு நிற்காமல் கொள்கை வரை நீளவும் செய்யும். 2024-25ஆம் ஆண்டில், தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கக் கோரும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ் வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படாமல் நின்றது. இரண்டு அரசுகளுக்கு இடையே கொள்கை வேறுபாடு இருக்கலாம். அது நிலைக்கும் காலமெல்லாம் காத்திருப்பவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் சிறப்பாசிரியர்களும்தான் என்பதை நிதி விடுவிப்போர் மறந்துவிடக்கூடாது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. குறிப்பிட்ட மக்களுக்கென்று தனியே ஒதுக்கி வைக்கும் பணம் அது. பழங்குடியினருக்கான துணைத்திட்டம் ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலும், பட்டியல் சாதியினருக்கானது 1979-80இலும் தொடங்கப்பட்டன. மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள விகிதத்துக்குக் குறையாமல் திட்டச் செலவிலும் ஒதுக்கவேண்டும் என்பது இவற்றின் சாரம். தமிழ்நாட்டில் 2011 கணக்கின்படி பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, பழங்குடியினர் 1.10 விழுக்காடு. ஒதுக்கிய பணம் அவர்களுக்கே போனதா என்பதுதான் நெடுங்காலக் கேள்வி. சாலை போட்டால் அதில் அவர்களும் நடப்பார்கள் என்று சொல்லிப் பொதுச்செலவை இந்தக் கணக்கில் எழுதுவது பல மாநிலங்களில் வழக்கமாகவே இருந்தது. டெல்லியில் இந்த நிதி 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிச் செலவுகளுக்குத் திருப்பப்பட்டது நாடாளுமன்றத்திலேயே தவறென்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகே ஆந்திரம், கர்நாடகம் ஆகியவை 2013இல் இதற்கெனச் சட்டம் இயற்றின. தமிழ்நாடு 2024இல் இயற்றியது. நிர்வாக ஆணையை ஆண்டுதோறும் மீறலாம். சட்டத்தை மீறினால் நீதிமன்றத்தில் பதில் சொல்லவேண்டும் என்பதே வேறுபாடு.

நூறு நாள் வேலை இந்த மூன்றிலிருந்தும் விலகி நின்றது. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரல் முதல் நாட்டின் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தது. வழக்கமான திட்டத்தில் அரசு முதலில் ஒரு தொகையை ஒதுக்கும். அது தீரும் வரை பயனாளிகளைச் சேர்க்கும். தீர்ந்தால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். இந்தச் சட்டத்தில் வரிசை தலைகீழானது. ஊரகக் குடும்பம் ஒன்று வேலை கேட்டால் ஆண்டுக்கு 100 நாள் வரை 15 நாளுக்குள் தரவேண்டும். கேட்டவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் வரவேண்டும். வேலை தராவிட்டால் வேலையில்லாக்காலப் படி தரவேண்டும்: முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன்பின் அரைப் பங்குக்குக் குறையாமல்.

இதில் செலவைப் பிரித்த விதம் கவனிக்கத்தக்கது. உடலுழைப்புக் கூலி முழுவதையும் ஒன்றிய அரசே தந்தது. கருங்கல், சிமென்ட் போன்ற பொருட்செலவில் முக்கால் பங்கு ஒன்றியத்துடையது, கால் பங்கு மாநிலத்துடையது. ஆனால் வேலையில்லாக்காலப் படியை மாநிலம் மட்டுமே தரவேண்டும். வேலை கொடுத்தால் டெல்லி கூலி தரும், கொடுக்காவிட்டால் சொந்தப் பையிலிருந்து படி தரவேண்டும் என்னும்போது, மாநிலம் வேலையைத் திறக்கவே விரும்பும் என்று சட்டத்தை எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். நிதி ஒதுக்கும் விதத்தாலேயே ஓர் அரசை நல்ல திசையில் நடக்கவைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை. படி பெரும்பாலும் கொடுக்கப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வேலை கேட்டதற்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு தராவிட்டால், 15 நாள் எப்போது தொடங்கியது என்று எவரும் நிறுவ முடியாது. ஒரு துண்டுச் சீட்டு இல்லாமையால் ஓர் உரிமையே செயலற்றுப் போகும்.

உரிமை என்று எழுதியிருந்தாலும் பணம் நிதிநிலை அறிக்கை வழியாகத்தான் வரவேண்டும். அங்கே மூன்று எண்களைப் பிரித்தறியப் பழகுவது நல்லது: பிப்ரவரியில் அறிவிக்கும் மதிப்பீடு, ஆண்டு நடுவில் மாற்றும் திருத்திய மதிப்பீடு, கடைசியில் ஆன உண்மைச் செலவு. 2023-24இல் இந்தத் திட்டத்துக்கு முதலில் 60,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பின்னர் அது 86,000 கோடியாகத் திருத்தப்பட்டது. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது முதல் எண்ணை மட்டுமே. முதலில் குறைவாக ஒதுக்கினால், ஆண்டின் பிற்பகுதியில் பணம் தீர்ந்து, கூலி நிலுவையில் நிற்கும். 2024 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் கூலி நின்றபோது, 1,056 கோடி ரூபாயை விடுவிக்கவேண்டும் என்று முதலமைச்சர் 2025 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதவேண்டியிருந்தது. பொங்கல் நேரம் அது. தமிழ்நாட்டில் இந்த வேலை நாட்களில் பத்தில் எட்டுக்கும் மேல் பெண்களுடையவை. அந்த மாதம் பச்சரிசிக்கும் வெல்லத்துக்கும் எத்தனை வீடுகளில் கடன் வாங்கியிருப்பார்கள் என்பது எந்த மதிப்பீட்டிலும் பதிவாகாது.

தாமதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதிலும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. வேலை முடிந்த 15 நாளுக்குள் கூலி தரவேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு. ஆனால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் நிதிப் பரிமாற்ற ஆணையில் கையெழுத்திடும் நாள் வரைதான் தாமதம் எண்ணப்பட்டது. அதற்குப் பிறகு டெல்லியில் பணம் விடுவிக்க எத்தனை வாரம் ஆனாலும் அது தாமதக் கணக்கில் சேரவில்லை. எனவே கணினித் திரையில் "குறித்த காலத்தில் வழங்கப்பட்டது" என்று காட்டிய கூலி, அதே நாளில் அந்த அம்மாவின் வங்கிக் கணக்கில் இல்லாமல் இருக்கும். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம், தொழிலாளிக்குப் பணம் போய்ச்சேரும் வரை உள்ள முழுக் காலமும் தாமதமே, ஒன்றிய அரசு இதில் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. எதை அளப்பது என்று தீர்மானிப்பவரே அளக்கப்படுபவராகவும் இருந்தால் கோல் எங்கே முடியும் என்பதை இந்த வழக்கு காட்டியது.

கண்காணிப்பின் முதல் அடுக்கு துறையின் சொந்தக் கண்காணிப்பு. கீழ்நிலை அலுவலகம் முன்பு பெற்ற பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் மேல்நிலை அலுவலகம் அடுத்த தவணையை விடுவிக்கும். இந்தத் திட்டத்தில் அதற்கும் மேலாக ஒவ்வொரு வேலை அட்டையும், ஒவ்வொரு வருகைப் பட்டியலும் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்டன. இது பெரிய சாதனை. ஆனால் சான்றிதழ், செலவானதைச் சொல்லுமே தவிர, பயன்பட்டதைச் சொல்லாது.

2023 ஜனவரி முதல், வேலை நடக்கும் இடத்திலிருந்து நாளுக்கு இருமுறை தொழிலாளர்களைப் படம் எடுத்துக் கைப்பேசிச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. இடமும் நேரமும் படத்தோடு பதிவாகும். மோசடி ஒழியும் என்று சொன்னார்கள். 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பி, செயலியில் நடக்கும் முறைகேடுகளைப் பட்டியலிட்டது: வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள், நேரில் எடுக்காமல் பழைய படத்தையே படமெடுத்து ஏற்றுவது, படத்தில் இருப்போர் எண்ணிக்கையும் பட்டியலில் இருப்போர் எண்ணிக்கையும் பொருந்தாமை, பிற்பகல் படமே இல்லாமை. பக்கத்து வீட்டு மாடியில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் ஊர்களில், காலை ஏழு மணிக்கே மண்வெட்டியோடு வந்த பெண்கள் செயலி திறக்காததால் அன்றைய கூலியை இழந்ததும் நடந்தது. ஏமாற்ற நினைப்பவருக்குச் செயலி ஒரு சிறு தடை, உழைக்க வந்தவருக்கு அதுவே பெருந்தடை. படத்தைப் பார்ப்பவர் தொலைவில் இருக்கிறார்; அதில் இருக்கும் முகங்களில் ஒன்றையும் அவருக்குத் தெரியாது.

இரண்டாவது அடுக்கு, அரசமைப்புச் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகளின்கீழ் இயங்கும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர். ஆளும் கட்சிக்கோ துறைக்கோ கட்டுப்படாத இந்த அமைப்பின் அறிக்கைகள் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் வைக்கப்பட்டு, அங்குள்ள பொதுக் கணக்குக் குழுவால் ஆராயப்படுகின்றன. நூறு நாள் வேலை பற்றி 2013இல் வந்த அறிக்கையில் ஒரு வரி என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. நாட்டின் ஊரக ஏழைகளில் 46 விழுக்காட்டினர் பீகார், மகாராஷ்டிரம், உத்தரப்பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் இருந்தார்கள். திட்ட நிதியிலோ அந்த மூன்றுக்கும் சேர்த்துப் போனது ஏறத்தாழ 20 விழுக்காடுதான். கேட்பவருக்குத் தரும் முறையில், கேட்கத் தெரிந்தவருக்கும் கேட்டதைப் பதிவுசெய்யும் அலுவலகம் உள்ளவருக்கும்தான் பணம் போகிறது. ஊராட்சிச் செயலரும் கணினி இயக்குநரும் ஒழுங்காக இருக்கும் தமிழ்நாடு போன்ற மாநிலம் நிறையப் பெற்றது. எல்லாரினும் வறிய மாவட்டம் விண்ணப்பப் படிவமே இல்லாமல் நின்றது. உரிமையைச் சட்டத்தில் எழுதியபின், அதைக் கேட்டுவாங்க உதவும் ஆட்களுக்கும் செலவு செய்தாகவேண்டும். இப்படி நாடு முழுவதையும் ஒரு பார்வையில் காட்டுவது கணக்குத் தணிக்கைத் தலைவர் அறிக்கையின் பலம். ஆனால் அது வெளிவருவதற்குள் சில ஆண்டுகள் ஆகிவிடும். கையால் எடுத்துப் பார்க்கும் ஊராட்சிகளும் சிலவே.

மூன்றாவது அடுக்கு, முதலில் சொன்ன பந்தல். அதன் வேர் ராஜஸ்தானில் இருக்கிறது. சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகிய அருணா ராயும், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் அங்குள்ள உழவர்கள், கூலித் தொழிலாளர்களோடு சேர்ந்து 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வறட்சி நிவாரண வேலைகளில் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்று கேட்டபோது, "நீங்கள் வேலை செய்யவில்லை என்று பட்டியல் சொல்கிறது" என்பதே பதிலாக இருந்தது. அப்படியானால் அந்தப் பட்டியலைக் காட்டுங்கள் என்றார்கள். அரசு ரகசியம் என்று மறுத்தார்கள். எப்படியோ கிடைத்த ஆவணங்களை 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் முன் உரக்கப் படித்தார்கள். முடிந்ததாகக் கணக்கு எழுதிய கட்டடம் கண்ணெதிரே முடியாமல் நின்றது. வேலையே செய்யாதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற முழக்கம் அந்த இயக்கத்திலிருந்து வந்ததே. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் நடந்த தர்ணா, தகவல் பெறும் உரிமையை நாடு தழுவிய கோரிக்கையாக்கியது. தமிழ்நாடு 1997லேயே அப்படியொரு சட்டத்தை இயற்றியது, விதிவிலக்குகள் மிகுந்திருந்தாலும். ஒன்றியச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் இயற்றிய வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, கிராம சபையே வேலைகளைச் சமூகத் தணிக்கை செய்யவேண்டும் என்று விதித்தது. கூலி கேட்டுத் தொடங்கிய ஒரு சச்சரவு இரண்டு சட்டங்களாக விளைந்தது.

இந்தத் தணிக்கையை மாநிலம் முழுவதும் ஒழுங்காக நடத்திக்காட்டியதில் அன்றைய ஆந்திரம் முன்னோடி. 2011இல், கணக்குத் தணிக்கைத் தலைவருடன் கலந்து வகுத்த விதிகள் வந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தணிக்கை நடக்கவேண்டும். நடத்தும் அமைப்பு திட்டத்தை நிறைவேற்றும் துறையிலிருந்து விலகி நிற்கவேண்டும். தணிக்கைக்கு வருவோர் அந்த ஊராட்சியில் வசிப்பவராக இருக்கக்கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. தமிழ்நாட்டில் இதற்கென சமூகத் தணிக்கைச் சங்கம் இருக்கிறது. தணிக்கையாளர்கள் சில நாள் ஊரில் தங்கி, வருகைப் பட்டியல், அளவீட்டுப் புத்தகம், செலவுச் சீட்டுகள் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் வேலை அட்டையோடும் வங்கிப் புத்தகத்தோடும் ஒப்பிடுவார்கள். பண்ணைக்குட்டை வெட்டியதாக எழுதியிருந்தால் நாடாவோடு போய் நீளம், அகலம், ஆழம் அளப்பார்கள். அளவீட்டுப் புத்தகம் அலுவலக விவகாரமாகத் தோன்றினாலும், வெட்டிய மண்ணின் அளவைப் பொறுத்தே கூலி வருவதால், அதில் எழுதும் ஓர் எண் ஒருவரின் வருமானத்தைத் தீர்மானிக்கும். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். கையில் கிடைத்தது அதற்குக் குறைவாக இருந்தால், காரணம் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கும். கடைசி நாளில் கிராம சபை கூடும். கண்டறிந்தவை எல்லோர் முன்னும் படிக்கப்படும். பதில் சொல்லவேண்டியவர் அங்கேயே பதில் சொல்லவேண்டும்.

இதன் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. தணிக்கை அமைப்புகளுக்கான செலவு, மாநிலத்தின் முந்தைய ஆண்டுத் திட்டச் செலவில் 0.5 விழுக்காடு வரை ஒன்றிய அரசால் தரப்பட்டது. அது தாமதமானால் தணிக்கையாளருக்கே ஊதியம் நிற்கும், தணிக்கையும் நிற்கும். ஊரில் செல்வாக்குள்ளவர் எதிரே அமர்ந்திருக்கும்போது, நாளைக்கும் அவரிடமே வேலை கேட்கவேண்டிய ஒருவர் எழுந்து பேசுவது எளிதன்று. அதிலும் அவர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவரானால் பேசியபின் வரும் இரவுதான் பெரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டுபிடித்த தொகையில் திரும்ப வசூலாவது சிறுபகுதியே. தணிக்கை செய்பவருக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. நடவடிக்கை எடுக்கவேண்டியது மாவட்ட நிர்வாகம், அதாவது திட்டத்தை நடத்திய அதே நிர்வாகம். மக்கள் சொன்னது கோப்பில் ஒரு பத்தியாக முடங்கினால், அடுத்த முறை பந்தலில் கூட்டம் குறையும்.

கண்காணிப்பில் இன்னொரு வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பணம் போனதா என்று பார்க்காமல், வாழ்க்கை மாறியதா என்று பார்ப்பது. 2018 ஜனவரியில் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டம் 112 மாவட்டங்களை எடுத்து, 49 அளவீடுகளில் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு முன்னேறின என்று வரிசைப்படுத்துகிறது. தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் அதில் இருக்கின்றன. மொத்த நிலையைவிட முன்னேற்றத்தின் வேகத்தைப் பார்ப்பதால், பின்தங்கிய மாவட்டத்துக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. அது ஊக்கம் தருகிறது. எண்ணை அனுப்புவதும் அந்த எண்ணால் மதிப்பிடப்படுவதும் ஒரே அலுவலகம் என்பதால் குடும்பநல ஆய்வு போன்ற வெளி அளவோடு அதை அவ்வப்போது ஒப்பிட்டே ஆகவேண்டும்.

இப்போது புதிய சட்டம். விபி–ஜி ராம் ஜி (விக்சித் பாரத் – ஊரக வேலை, வாழ்வாதார உறுதி இயக்கம்) என்று சுருக்கி அழைக்கப்படும் அது, நாட்களை 100இலிருந்து 125 ஆக உயர்த்துகிறது. ஆனால் நிதிமுறை மாறுகிறது. பெரும்பாலான மாநிலங்களுக்குச் செலவு 60க்கு 40 என்று பிரிகிறது. மாநிலத்துக்கு இவ்வளவு என்று ஒன்றியம் முன்கூட்டியே வரையறுக்கும். அதற்கு மேல் ஆனால் மாநிலம் ஏற்கவேண்டும். சமூகத் தணிக்கை புதிய சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. மேலே சொன்னவற்றை வைத்துப் பார்த்தால், எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்பது தெரியும்: ஒவ்வொரு நாள் வேலைக்கும் மாநிலம் 40 விழுக்காடு தரவேண்டும் என்னும்போது, கடனில் இருக்கும் மாநிலம் வேலையைத் திறக்க விரும்புமா, தள்ளிப்போட விரும்புமா? பழைய சட்டத்தில் மாநிலத்துக்கு வேலை தருவது ஏறக்குறைய செலவில்லாதது. தராமல் இருப்பதுதான் செலவு. அந்தச் சமன்பாடு மாறியபின், 125 என்ற எண் எத்தனை குடும்பங்களுக்கு உண்மையாகும் என்பது பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. குறிப்பாக, 46 விழுக்காடு ஏழைகளைக் கொண்ட அந்த மூன்று மாநிலங்களில்.

உங்கள் ஊராட்சியில் என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பினால், தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடலாம். எழுதுவதற்கு முன்பே வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடவேண்டியதில்லை. சமூகத் தணிக்கை நடக்கும் நாள் தனியே அறிவிக்கப்படும். அன்று போகும்போது வேலை அட்டையும் வங்கிப் புத்தகமும் கையில் இருக்கட்டும். அன்றைய பந்தலில் அந்த அம்மா சொன்னதை நம்பவைத்தது அவை இரண்டும்தான். தணிக்கையாளர் அவர் பெயருக்கு எதிரே "வேலை செய்யவில்லை, கூலி பெறவில்லை" என்று எழுதி, படித்துக் காட்டி, அவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த பெயரைப் படித்தார்.